ஒரே முகவரி

நொச்சிமுனையில் எங்கள் ஒழுங்கைக்கு
ஒரேயொரு இணைப்பு.
ஐந்து வீடு. பில்லும் ஐந்தாகப் பிரியும்.
ரௌட்டர் இருப்பது புனிதமலர் ரீச்சரின் பிரிட்ஜுக்கு மேல்,
பக்கத்தில் நான் வைத்த பழைய போன்:
திரை வெடித்தது, மைக் செத்தது,
திருத்தக் கொடுத்தவர் திரும்பி வராததால்
கடையில் தேங்கிப்போனது.
அதற்கு ஒரு வேலைதான்,
பட்டியலைக் காப்பது.

யாருடைய போனில் விளம்பரம் வந்தாலும்
விரலால் ஒரு கணம் அழுத்திப் பிடிக்க வேணும்.
வந்த இடத்தின் முகவரி பட்டியலுக்குப் போகும்.
மணிக்கொரு தடவை எல்லாப் போனும்
அந்தப் பட்டியலை வாங்கிக்கொள்ளும்.
ஒருவர் கண்டது போதும்,
மறுகா மற்றவர் காணத் தேவையில்லை.

தொடக்கத்தில் எல்லாம் டேட்டாவுக்காகத்தான்,
இருபதாம் திகதியே தீர்ந்துவிடுகிற டேட்டா.
டினோஜன் பந்தய விளம்பரங்களைப் பிடித்தான்.
பதினொரு வயது. ஒரே இரவில் முப்பத்தாறு.
நண்டு பிடித்தவன் மாதிரி
காலையில் எண்ணிச் சொன்னான்.
ஏறாவூரிலிருந்து வந்து வாடகைக்கிருக்கும்
மருத்துவமாது நுஸ்கியா
பால்மா ஒன்றையும் விடவில்லை.
கிருபைராசா அண்ணன் கனடா விசாவை
அழுத்த மனமில்லாமல்
ஒரு கிழமை வைத்திருந்தார்.
பிறகு அதுவும் போனது.

கார்த்திகை மழையில்
வாவி ஒழுங்கை முனைவரை ஏறியிருந்த இரவு
அது வந்தது.
பச்சை நிறம். சிரிக்கிற பெண்.
கையில் விசிறிபோல் ஐயாயிரம் தாள்கள்.
'அடையாள அட்டை மட்டும் போதும்.
ஐந்தே நிமிடத்தில் காசு.'

நான் கேட்கவில்லை, எனக்கு வந்தது.
டினோஜனின் விளையாட்டுக்கு நடுவில் வந்தது.
சுவருக்கு அப்பால்,
ரீச்சரின் தேவாரத்துக்கு முன்னாலும் அதே குரல்.

இது எப்படி நடக்கிறதென்று எனக்குத் தெரியும்.
வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு
நாங்கள் ஐந்து வீடில்லை,
ஒரே முகவரி.
ஓர் அறையில் போர்வைக்குள் தேடியது
ஐந்து வீட்டுக் கண்ணாடியிலும் ஏறும்.
யாரோ தேடியிருக்கிறாள்.

'ள்' என்று எழுதிவிட்டேன்.
அழிக்கவில்லை.

புதன்கிழமைகளில் ஐந்து ஐந்து பேராய்
ஒருத்திக்கு மற்றவள் கையெழுத்து வைத்த ஒழுங்கை இது.
ஒருத்தி கட்டாவிட்டால்
மற்ற நாலு பேரும் அவள் முற்றத்தில் இருக்க வேணும்,
விளக்கு வைத்த பிறகும்,
காசு பிடிக்க வந்த பெடியன்
மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் உறுமவிட
அம்மாவும் அப்படிப் போய் இருந்தவள்.
எங்கள் முற்றத்திலும் வந்து இருந்தார்கள்.

எந்தப் போன், எத்தனை மணி,
எல்லாம் அந்த வெடித்த திரைக்குள் பதிந்திருக்கும்.
ஒரு வரியைத் திறந்தால் போதும்.
திறக்கவில்லை.
கை சும்மா இருக்காதென்று
எழும்பிப்போய்
கூரைத் தண்ணிக்கு வாளி வைத்தேன்.
திரும்பி வந்து
பச்சைப் பெண்ணின் பல்லின்மேல்
விரலை வைத்து அழுத்தினேன்.

பட்டியலில் பெயர் வராது, எண்ணிக்கை மட்டும்,
வீட்டுக்கு ஒன்றாக.
இந்த முகவரிக்கு: நான்கு.
அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்,
ஒருவரோடொருவர் பேசாமல்.
நான்கு கெட்ட எண் என்று அப்போதுதான் உறைத்தது.
அழுத்தாத ஒரு வீடு
இருட்டில் தனியே நின்றது.

காலையில் பார்த்தேன்.
ஐந்து.

விளம்பரத்தை அடைத்துவிட்டோம்.
கடன் அடைவது
வேறு அடைப்பு,
விரலால் முடியாது.

எட்டு மணிக்கு ரீச்சரின் குரல்பதிவு ஒழுங்கைக் குழுவில்:
'இந்த மாசம் ஒருத்தரும் பில் காசு தர வேணாம்,
எனக்குப் பென்சன் வந்து கிடக்கு,
மறுகா பாப்பம்.'
பின்னால் மழை. ஒரு சேவல்.
நாங்கள் ஐந்து பேரும்
ஒரே கட்டைவிரலைப் போட்டோம்.
கிருபைராசா அண்ணன் மட்டும் பதில் எழுதினார்:
'என்ட பங்கு நான் தாறன் ரீச்சர்.'
கொஞ்சம் பொறுத்து
அதையும் அழித்தார்.